ஆனையிறவும் ஆனைச் சவாரியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து தெற்கே பிரயாணஞ் செய்வோரிற் பெரும்பாலோர் ஆனையிறவைக் கடந்தே செல்கின்றனர். இருமருங்கும் பரந்து கிடக்கும் உவர்நீர், ஓரத்தில் உப்பளம், நடுவே நீண்டு செல்லுந் தெரு, அதனையொட்டிப் புகையிரதப் பாதை, இவற்றை நாமெல்லாம் பன்முறை கண்டிருக்கின்றோம். ஆனையிறவு என்றதும் நம் தலைமுறையினர்க்கு நினைவில் வருவன 1991ஆம் ஆண்டிலும் 2000ஆம் ஆண்டிலும் அங்கு நிகழ்ந்த பெரும் போர்களே. முதியோர்க்கு உப்பளம் நினைவுக்கு வரலாம். அப்பெயரின் தொடக்கத்தில் நிற்கும் ஆனையை நினைப்பார் மிகச் சிலர். குடாநாட்டில் இன்று காட்டானை இல்லை. பெயர் மாத்திரம் நிற்கின்றது.

நாமும் அதனை நினைத்தவரல்லேம். நினைக்கச் செய்தது ஒரு சிறு நிகழ்ச்சி. சென்ற ஆண்டு பல்கலைக்கழக விடுமுறையில் தோழர் அறுவருடன் சீகிரியாக் குன்றைப் பார்க்கச் சென்றோம். ஹபரணைக்கு அணித்தாய்த் தெருவோரத்தில் ஆனைச் சவாரிக்கு அழைக்கும் பலகையொன்று தொங்கிற்று. மேல்நாட்டு உல்லாசப் பிரயாணிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தனர். நாமும் பணங் கொடுத்து ஏறினோம். நால்வர் ஓர் ஆனையில், மூவர் மற்றோர் ஆனையில். ஏறும்போது சிரிப்பும் ஆரவாரமுமாக இருந்தது. குளக்கரையை அடைந்ததும் நமது ஆனை நின்றுவிட்டது. பாகர் அதட்டினார், அசையவில்லை. கோலின் இரும்பு முனை காதின் பின்புறத்திற் பட்டதும் அது மீண்டும் நடந்தது. பட்ட இடத்தில் ஆறாத புண்ணொன்று இருந்ததை முன்னால் இருந்த நாம் கண்டோம். கண்டும் இறங்கவில்லை. படமும் எடுத்துக்கொண்டோம். இதனை மறைத்துவிட்டு மேலே எழுதுதல் நேர்மையன்று.

வீடு வந்ததும் படத்தைப் பாட்டனாருக்குக் காட்டினோம். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "வடிவாய்த்தான் இருக்கு, மோனை. உங்களைச் சுமந்ததுக்கு அந்தச் சீவனுக்கு என்ன கிடைச்சது?" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனையிறவாலைதானே போய் வந்தனீங்கள்? அந்தப் பேர் ஏன் வந்ததெண்டு உங்கடை பள்ளிக்கூடத்திலை சொல்லித் தரேல்லையோ?" என்றுங் கேட்டார்.

மிஷன் பாடசாலையிற் பயின்ற நமக்குப் போர்த்துக்கேயர் வந்த ஆண்டும் ஒல்லாந்தர் வந்த ஆண்டும் மனப்பாடம். அவர்கள் எதை நாடி வந்தனர் என்று வினவினாற் கறுவா என்போம். ஆனை என்று விடை சொல்ல நாம் அறியோம். பாட்டனாரின் இரண்டு கேள்விகளுள் இரண்டாவதற்கு விடை தேடப் புகுந்தோம். தேடுந்தோறும் முதலாவது கேள்வியே முன்வந்து நின்றது. அவ்விரண்டையும் நம் சங்கத்தார் முன் வைத்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊராத்துறையில் இறங்கிய ஆனை

ஈழத்து ஆனைக்குப் பிறநாடுகளில் மதிப்பிருந்தமை மிகப் பழைய செய்தி. இத்தீவின் ஆனைகளை இத்தீவினர் பெரிய கலங்களில் ஏற்றி எதிர்க்கரைக்குக் கொண்டுசென்று கலிங்க மன்னனுக்கு விற்றனர் என்று ஏலியன் என்னும் பண்டை ஆசிரியர் எழுதி வைத்தார். ஆறாம் நூற்றாண்டினரான கொஸ்மஸ் என்னும் கிரேக்க வணிகர், ஆனையை முழக்கணக்கில் உயரம் அளந்து விலை பேசும் வழக்கத்தைக் குறிப்பிடுகின்றார். ஆனை அளந்து விற்கும் பண்டமாகி ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது இதனாற் புலப்படும்.

நம் கண்முன்னேயே இதற்கு ஒரு சான்று இருக்கின்றது. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. அது பொலன்னறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை அரசாண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடையது, பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து வெளியிட்டவர். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்திறங்கல் வேண்டும் என்றும், அவர்க்குக் காவல் அளிக்கப்படும் என்றும் அக்கல் கூறுகின்றது. ஊராத்துறையாவது இன்றைய ஊர்காவற்றுறையே. கடலிற் கலம் உடைந்தாற் செய்யவேண்டியதையும் அது விதிக்கின்றது. வேறு பண்டங்கள் ஏற்றிவந்த கலமாயின் மீண்ட பொருளிற் பாதி அரச பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு. ஆனையும் குதிரையும் ஏற்றிவந்த கலமாயின் காற்பங்கு மாத்திரமே பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு.

அரசனுக்கு ஆனை வேண்டும். ஆகவே ஆனை கொண்டுவரும் வணிகனுக்குச் சலுகை. சட்டத்தின் நுட்பம் மெச்சத்தக்கதே. ஆயினும் அக்கல்லின் விதியை ஒருமுறை மனக்கண்ணாற் பாருங்கள். நயினாதீவுக்கு அப்பால் உடைந்த மரக்கலம், அதன் அடித்தட்டிற் காலிற் கட்டுண்ட ஆனை. பங்கு நான்காகப் பிரிக்கப்படுகின்றது. பிரிக்கப்படும் பொருளுக்கு மூச்சிருந்தது என்பதைக் கல் சொல்லவில்லை. சொல்லுதல் அதன் வேலையுமன்று.

திறையும் ஏலமும்

யாழ்ப்பாணத்தரசு போர்த்துக்கேயரின் பிடிக்குள் அகப்படத் தொடங்கியதும் ஆனை திறைப்பொருளாயிற்று. 1582ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்தரசன் ஆண்டுதோறும் பத்து ஆனை, அன்றேல் அதற்கீடான பணம், அவர்களுக்குச் செலுத்தினான் என்பர். அப்பத்து ஆனைகளும் வந்தது வன்னிக் காட்டிலிருந்து. 1619இல் இரண்டாம் சங்கிலியை வென்று போர்த்துக்கேயர் நாட்டைத் தமதாக்கிக்கொண்ட பின்னர், அந்தக் காட்டின் ஆனையும் அவர்களுடையதாயிற்று. ஊர்காவற்றுறையை ஆங்கிலத்திற் 'கயிற்ஸ்' என்கின்றோம். அச்சொல், துறை எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. ஆனைத்துறை என்பதே அவர்கள் அவ்விடத்துக்கு இட்ட பெயர். நாம் வாயால் நாளும் சொல்லும் ஊர்ப்பெயரிலே அந்த வாணிபம் இன்றும் ஒளிந்திருக்கின்றது.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. அவர்தம் கொம்பனிக்கு யாழ்ப்பாணத்தில் மிக்க இலாபந் தந்த வாணிபங்களுள் ஆனை முதன்மையானது. வன்னியர் தலைவர்கள் திறையை ஆனையாகச் செலுத்தவேண்டும் என்று கொம்பனி வற்புறுத்திற்று. செலுத்தாதபோது நிலுவை எழுதிற்று. 1697இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற கொமாந்தர் ஸ்வார்டக்றோன், தமக்குப் பின் வருவோர்க்கென விட்டுச் சென்ற குறிப்பிலே இவ்வானை விவகாரத்துக்கு நிறைய இடங் கொடுத்துள்ளார். வன்னியின் ஆனைகள் மாத்திரமல்ல. தெற்கே மாத்தறைப் பக்கத்திற் பிடிபட்ட ஆனைகளும் தரைமார்க்கமாக நடத்திக் கொண்டுவரப்பட்டன. தீவின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை அந்த நடை. நீர் ஆழமற்ற இடத்தில் உப்பங்கழியிற் குடாநாட்டுக்குள் இறக்கப்பட்டன. ஆனை இறங்கிக் கடந்த துறை ஆனையிறவு. பனம்பழக் காலத்திற் காட்டானைகள் தாமே கடந்து வந்தமையால் இப்பெயர் வந்தது என்பாரும் உளர். இரண்டும் உண்மையாயிருக்கலாம். பழந் தேடித் தானாகக் கடந்த துறையிலே பின்னர் கட்டுண்டு கடந்தது என்று கொள்ளின், அதனினும் துன்பமான வரலாறு இல்லை.

கோல்கொண்டாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வணிகர் யாழ்ப்பாணத்துக்கு வந்தனர். உயரமும் அங்க நிறைவும் பார்த்து வாங்கினர். கப்பலேற்றிச் சென்றனர். அங்கே சில போருக்கும், சில அரசரின் உலாவுக்கும் பயன்பட்டன.

பிடித்த முறையையும் சொல்லல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலுமிருந்த முஸ்லிம் ஊர்களிற் பணிக்கர் எனப்பட்ட வீரர் இருந்தனர். தோற்கயிற்றுச் சுருக்கு ஒன்றே ஆயுதமாகக் காட்டினுட் புகுந்து, ஆனையின் பின்னங்காலிற் சுருக்கிட்டு, மரத்திற் கயிற்றைச் சுற்றிவிடுவர். அவர்தம் துணிவை வியவாதார் இலர். தென்னிலங்கையிற் கூட்டம் முழுவதையும் மரவேலி அடைப்புக்குள் துரத்திப் பிடித்தனர். பிடிபட்ட பின்னரே உண்மையான துன்பம் தொடங்கும். மரங்களுக்கிடையே நாற்காலும் பிணிக்கப்பட்டு, பசியாலும் நீர்வேட்கையாலும் உறக்கமின்மையாலும் சோர்ந்து, மனிதன் குரலுக்கு அடங்கும் வரை அது நிற்கும். 1845 முதல் 1850 வரை இத்தீவிற் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமேர்சன் தெனென்ற், பிடிபட்ட ஆனைகளிற் சில காயமும் நோயுமின்றியே படுத்து இறந்துபோவதையும், மனமுடைந்து இறந்தது என்று நாட்டவர் கூறுவதையும் எழுதியுள்ளார்.

ஆங்கிலேயர் காலத்தில் அதன் நிலை வேறாயிற்று. ஆனையைப் பிடித்தவர்க்குப் பதிலாகக் கொன்றவர்க்குப் பரிசு கொடுத்தது அரசாங்கம். பயிரை அழிக்கின்றது என்பது காரணம். அந்தத் தெனென்றே தருங் கணக்கின்படி, 1848க்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 ஆனைகள் கொல்லப்பட்டன. வன்னியும் சேர்ந்ததே அம்மாகாணம். ஆனை பிடித்தலும் நின்றபாடில்லை. பனாமுறையில் 1950இல் நடந்ததே இத்தீவின் கடைசி மரவேலி வேட்டை. அதிலே பணியாது போராடிய தலைமைக் களிறு சுட்டுக் கொல்லப்பட்டது.

ஆகவே திறை, வாணிபம், பரிசு என்று காலத்துக்கொரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காலத்தாரும் தம் காரணத்தை நியாயமானது என்றே நம்பினர். நம் காலத்துக் காரணம் யாது? அரைமணிநேர உல்லாசமும் ஒரு படமும்.

முதுகின் மேல் அரைமணிநேரம்

"அக்காலத்தவர் கொடுமை செய்தனர், இன்றைய சவாரி அத்தகையதன்று, நன்றாய்ப் பழகிய ஆனை, மெல்ல நடக்கின்றது, இதில் என்ன தீங்கு?" என்று நம் தோழரில் ஒருவர் கேட்டார். கேட்கத்தக்க கேள்வியே.

ஆனை நாய்போலவும் மாடுபோலவும் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதன் வீட்டில் இனம்பெருக்கிப் பழக்கப்பட்ட பிராணியன்று. இன்று சுமக்கும் ஆனையும் பெரும்பாலும் காட்டிலே பிறந்ததோ, காட்டிலே பிறந்த தாயின் கன்றோ ஆகும். தானாக எந்த ஆனையும் மனிதரை முதுகிலேற்றி நடப்பதில்லை. ஏற்றி நடக்கின்றதாயின், எப்போதோ ஒருநாள் அதன் மனவுறுதி உடைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பாகர் கையிலுள்ள கோல் அந்த நாளின் நினைவூட்டலே. கோல் உயர்ந்தாற் போதும், அடி விழவேண்டியதில்லை என்று சொல்வர். அடி விழாமலே அஞ்சுமாயின், முன்பு எவ்வளவு விழுந்திருக்கும் என்று நாமே கணித்துக்கொள்ளலாம்.

பிடியொன்று 22 மாதம் கருச்சுமந்து ஒரு கன்றை ஈனுகின்றது. கன்று பல ஆண்டுகள் தாயையும் சிறிய தாய்மாரையும் விட்டுப் பிரியாது. இத்தகைய குடும்பத்திலிருந்து கன்று களவாடப்படுவது பழங்கதை என்று எண்ணுதல் தவறு. காட்டிலிருந்து களவாகப் பிடித்த கன்றுகளைப் பொய்ப் பதிவுகளோடு செல்வர் வைத்திருந்தமை வெளிப்பட்டு, 2015ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பல கன்றுகள் கைப்பற்றப்பட்டு வழக்குகள் நடந்தன.

உடலுக்கு வரும் தீங்கு வேறு. ஆனையின் முதுகெலும்பின் மேற்புறத்தில் எலும்பு முனைகள் மேல்நோக்கி நிற்கின்றன; அவற்றின்மேற் பலகை ஆசனத்தை வரிந்து கட்டினாற் தோல் உரிந்து புண்ணாகின்றது. இலேசான சுமையைச் சிறிது நேரம் சுமத்தல் நடையைப் பாதிப்பதில்லை என்னும் ஆய்வாளரும் உளர். ஆனாற் பிரயாணிகள் மிக்க காலத்திற் சுமை இலேசாகவோ நேரம் சிறிதாகவோ இருப்பதில்லை. நம்மைப்போல் வியர்த்துக் குளிர்தல் ஆனைக்கு இயலாது. காதை வீசியும், நீரிற் சேற்றிற் புரண்டும், நிழலில் ஒதுங்கியும் தன் உடற்சூட்டைத் தணிக்கும். உச்சி வெயிலிற் தார்த் தெருவில் நடக்கும் ஆனைக்கு இம்மூன்றுள் இரண்டு இல்லை. நமது ஆனை குளக்கரையில் ஏன் நின்றது என்பதை நாம் பின்னரே உணர்ந்தோம்.

2019 ஒக்டோபரிற் சீகிரியாப் பக்கத்திற் கனகோட்டா என்னும் 18 வயது ஆனை, முந்திய இரவு பெரஹராவில் நடந்துவிட்டு, மறுநாட் பிரயாணிகளைச் சுமக்கையில் வீழ்ந்து இறந்தது. அதற்குச் சில கிழமைகளின் முன், கண்டிப் பெரஹராவுக்குக் கொண்டுவரப்பட்ட 70 வயது டிக்கிரி என்னும் பிடியின் எலும்புந் தோலுமான உடல் அலங்காரத் துணியின் கீழே இருந்ததை உலகம் படங்களிற் பார்த்து மனம் வருந்திற்று. செப்டெம்பரில் அதுவும் இறந்தது. கம்போடியாவின் அங்கோர் கோயில்களைச் சுற்றிப் பிரயாணிகளைச் சுமந்த சம்போ என்னும் ஆனை 2016இற் கடும் வெப்பத்தில் நடுவழியில் வீழ்ந்தது. 2020இல் அங்கு சவாரி நிறுத்தப்பட்டது. உலக விலங்குப் பாதுகாப்பு என்னும் நிறுவனம் இலங்கை உட்பட ஆசிய நாடுகள் சிலவற்றில் உல்லாசப் பிரயாணத் தொழிலிலுள்ள ஏறக்குறைய 3,000 ஆனைகளைப் பார்வையிட்டு 2017இல் அறிக்கை வெளியிட்டது. நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை மிகத் தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டிருந்தன என்பது அதன் முடிபு.

ஆபத்து ஏறுபவர்க்கும் உண்டு

ஆனைக்கு வருந் துன்பத்தைப் பொருட்படுத்தாதாரும் தம் உயிரைப் பொருட்படுத்துவர். வளர்ந்த களிற்றுக்கு மதம் பிடிக்கும் காலம் உண்டு. கன்னத்தின் இருபுறமும் மதநீர் வடியும். அக்காலத்தில் நெடுநாட் பழகிய பாகரையும் அது அறியாது. மதமில்லாத ஆனையும் வெடிச்சத்தத்துக்கோ வலிக்கோ வெருண்டால் அதன்மேல் இருப்பவர்க்குப் பற்றுக்கோடு இல்லை. தாய்லாந்தின் கோ சாமுயித் தீவில் 2016இற் சவாரி சென்ற பிரித்தானியப் பிரயாணி ஒருவர் கீழே வீழ்த்தப்பட்டு ஆனையாற் கொல்லப்பட்டார். உடன் சென்ற அவர் துணைவியின் மகள் பார்த்திருக்க நடந்தது அது. கோட்டைப் பெரஹராவில் 2019 செப்டெம்பரில் ஆனை வெருண்டோடிப் பதினைவருக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கேரளத்தில் இடுக்கி மாவட்டத்திலே 2024 ஜூனிற் சவாரி நிலையமொன்றின் ஆனை தன் பாகரையே மிதித்துக் கொன்றது.

நாம் சைவ மக்கள். ஆகையால் நமக்கு நெருங்கிய செய்தி ஒன்றையும் விடாது சொல்லல் வேண்டும். நம்மவர் யாத்திரை செல்லும் திருச்செந்தூரில், 2024 நவம்பர் 18ஆம் நாள், கோயில் ஆனை தன் பாகரையும் அவர் உறவினர் ஒருவரையுங் கொன்றது. பக்தர் பழங் கொடுத்து ஆசி பெற்ற ஆனை அது. அதனைக் கொடியது என்பதா? பிறந்த காட்டை விட்டு, தன்னினத்தோடு வாழாது, ஆண்டாண்டாகச் சங்கிலியில் நின்ற ஒரு பெரிய உயிரின் ஒரு நிமிடத்தை வைத்து அதன் முழுக் குணத்தையுஞ் சொல்ல யாரால் இயலும்? அந்தப் பாகரின் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்புக்கோ ஈடில்லை. கட்டப்பட்ட ஆனையும் கட்டிய மனிதனும் ஒரே சங்கிலியின் இருமுனையிலும் நிற்கின்றனர்.

இவற்றை அரசாங்கமும் அறியாமலில்லை. 2021 ஓகஸ்டில் வெளிவந்த வர்த்தமானி விதிகளின்படி, சவாரி ஆனைமேல் நால்வருக்கு மேல் ஏற்றலாகாது; ஆசனம் நன்கு மெத்தையிடப்பட்டிருத்தல் வேண்டும்; நாள்தோறும் இரண்டரை மணிநேரம் நீராட்டல் வேண்டும்; கடமையிலிருக்கும் பாகர் மது அருந்தலாகாது; கன்றுகளை வேலை வாங்கலாகாது; ஒவ்வோர் ஆனைக்கும் மரபணு அடையாளத்தோடு பதிவு வேண்டும். நல்ல விதிகளே. ஆயினும் பராக்கிரமபாகுவின் கல்லைப் போலவே இவையும் ஒரு வகையிற் பங்குபிரிப்பன. எத்தனை பேர், எத்தனை மணி என்று அளக்கின்றன. ஏறுதல் தகுமா என்னும் வினாவைச் சட்டம் நம்மிடமே விட்டுவைத்திருக்கின்றது.

பாகர் செய்த குற்றம் யாது?

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. சவாரி நின்றாற் பாகரின் அடுப்பு எரிவது எங்ஙனம்? ஹபரணையில் நம்மைக் கொண்டுசென்ற பாகரோடு இறங்கிய பின் சிறிது பேசினோம். சிங்களவர், அரைகுறைத் தமிழ் பேசினார். ஆனை தம்முடையதன்று, முதலாளியுடையது, நாட்கூலி தமக்கு என்றார். "தம்பி, இது சாப்பிட்டாத்தான் நாங்க சாப்பிடலாம்" என்று ஆனையைத் தடவிக்கொண்டே சொன்னார். கோலாற் குத்திய கையுந் தடவிய கையும் ஒன்றே. ஆனையொன்று நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் இலைதழை தின்கின்றது; அதனைச் சும்மா வைத்திருக்க ஏழையால் ஆகாது. ஆகவே பாகரைக் கொடியவர் என்று ஏசுதல் அறமன்று; பயனுமன்று. அவர் கோலை உயர்த்தியது நாம் கொடுத்த பணத்துக்காக.

பாகரின் அறிவு வீணாதலும் ஆகாது. காட்டில் விடமுடியாத ஆனைகள் பல உள. அவற்றைச் சவாரியின்றி நடத்திச் செல்லவும், நீராட்டவும், நோய் காணவும் அவரே வேண்டும். தூர நின்று ஆனையைப் பார்ப்பதற்கே பிரயாணி பணங் கொடுப்பாராயின், அப்பணம் பாகர் வீட்டுக்கும் போய்ச் சேரலாம். அவ்வழக்கத்தை உண்டாக்குபவர் முதலாளியல்லர், பிரயாணியே.

அரசர் ஏறவில்லையா, சேனைகள் செல்லவில்லையா, இது நம் பண்பாடன்றோ என்னும் மற்றோர் ஆட்சேபமும் உண்டு. அரசர் ஏறினர், உண்மை. அவ்வரசர் செய்த யாவற்றையும் நாம் இன்று செய்கின்றோமா? பண்பாடு என்பது முன்னோர் செய்தவற்றுள் எதைத் தொடர்வது, எதை விடுவது என்று தெரிந்துகொள்ளும் அறிவேயாகும்.

அந்த அறிவுக்கு நம்மூர்க் கோயில்களே சாட்சி. திருவிழாக் காலத்தில் நம் கோயில்களிற் சுவாமி யானை வாகனத்தில் எழுந்தருளுகின்றார். அது மரத்தாலானது. நம் ஆசாரிமார் செதுக்கி, வர்ணந் தீட்டி, கொம்பும் துதிக்கையும் பொருத்தி அமைத்தது. அதனை நாமே தோளிற் சுமக்கின்றோம். அது நம்மைச் சுமப்பதில்லை. ஆனை ஏற்றுமதி செய்த இந்த நாட்டிலே, சுவாமிக்கு மர ஆனையே போதும் என்று நம் ஊரவர் அமைந்திருக்கின்றனர். அதனாற் பக்தி குறைந்ததாக எவருஞ் சொன்னதில்லை. 2023 பெப்ரவரியிற் கேரளத்தில் இரிஞ்ஞாடப்பள்ளிக் கோயிலார் உயிருள்ள ஆனைக்குப் பதிலாக இயந்திர ஆனையொன்றை ஏற்றுக்கொண்டது பெரும் புதுமையாகப் பேசப்பட்டது. நமக்கு அது புதுமையன்று.

நாம் செய்யக்கூடியது

இத்தீவில் 2011இல் எடுத்த கணக்கின்படி 5,879 காட்டானைகள் இருந்தன. 2023 ஒன்றில் மாத்திரம் 400க்கு மேற்பட்ட ஆனைகளும், ஆனைகளால் 150க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஆனை தோட்டத்துட் புகுந்து பயிரை அழித்த செய்தியைப் பத்திரிகையில் நாம் காண்கின்றோம். அங்குள்ள விவசாயிக்கு ஆனை படம் எடுக்கும் பொருளன்று. இரவில் உறக்கமில்லாமற் காவலிருக்கச் செய்யும் அச்சம். பின்னவலையிலே சமா என்னும் ஆனை மூன்று காலில் நிற்கின்றது. போர்க்காலக் கண்ணிவெடி அதன் முன்னங்காலின் அடியைக் கொண்டுபோயிற்று. மனிதர் சண்டையிலும் மனிதர் உல்லாசத்திலும் பங்கு கேளாதது ஆனை. இரண்டின் கூலியையும் அதுவே பெற்றது.

அடுத்த விடுமுறையில் நம் சங்கத்து இளைஞர் சுற்றுலாச் செல்வதானால், ஆனையைப் பார்க்கவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் மின்னேரியாக் குளம் வற்றிப் புல் தழைக்கும்போது, நூற்றுக்கணக்கான ஆனைகள் கன்றும் பிடியுமாக வந்து கூடுகின்றன. அதே ஹபரணைப் பக்கந்தான். தூர நின்று, சத்தமிடாமல், வாகனத்தால் மறிக்காமற் பார்க்கலாம். உடவளவையில் 1995 முதல் நடந்துவரும் இடைத்தங்கல் நிலையத்திலே, தாயை இழந்த கன்றுகளுக்குப் பாலூட்டி வளர்த்து மீண்டும் காட்டில் விடுகின்றனர், அதனையும் பார்க்கலாம். சவாரி மாத்திரம் வேண்டாம். இதனைச் சங்கம் ஒரு தீர்மானமாக நிறைவேற்றுமாயின் நன்று. நிறைவேற்றாவிடினும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே நிறைவேற்றிக்கொள்ளலாம். பெரியோர் இதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளாது, பேரப்பிள்ளைகள் சவாரிக்கு அழும்போது காரணத்தை எடுத்துச் சொல்வார்களாக.

பாட்டனாரிடம் மீண்டுஞ் சென்று, ஆனையிறவுக்குப் பெயர் வந்த வரலாற்றைத் தேடி அறிந்தோம் என்று கூறினோம். "அது சரி, மோனை. நான் முதல் கேட்டது?" என்றார். அதற்கு விடையாக, அந்தப் படத்தை அழித்துவிட்டோம் என்றோம். "அழிக்காதை. வைச்சிரு. பிறகு வாற பிள்ளையளுக்குக் காட்ட வேணும்" என்றார். படம் அழிந்துபோயிற்று. ஆகையால் அதற்குப் பதிலாக இக்கட்டுரையை எழுதலானோம்.

இனி ஆனையிறவைக் கடக்கும்போது அந்த உவர்நீரைச் சற்றே பாருங்கள். உப்பும் போரும் மாத்திரமல்ல, காலிற் கயிற்றோடு கடலை நோக்கி நடந்த ஆயிரக்கணக்கான உயிர்களும் அப்பெயரிலே இருக்கின்றன. அவற்றை விற்றவர் நம் மண்ணின் துறையிலே விற்றனர். விற்றவர் எல்லாரும் பிறநாட்டார் என்று சொல்லித் தப்ப முடியாது. வாங்கி ஏறியவர் நாமும்தான். ஏறாமல் நிற்றல் பெரிய தியாகமன்று. ஆயினும் அந்த நெடுங்கணக்கில் நம் பங்குக்கு ஒரு வரியையாவது நேர்செய்ததாகும்.